அப்பா சொன்னதும் நான் சொன்னதும்

கேமரா முன்னால் உட்காரும்போது மட்டும் அப்பா சட்டையின் மேல்பொத்தானையும் போட்டுக்கொள்கிறார், மூச்சு முட்டும் என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்பதில்லை, இப்போதும் கை கழுத்துக்குப் போய்விட்டது, வேண்டாம்ப்பா என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன், ஏனென்றால் ஜப்பான்காரப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் எதைச் சொன்னாலும் அப்பா சொன்னது என்று எழுதிக்கொள்வாள். மொரிதா என்று பெயர். முப்பது வயது இருக்கும். லிஃப்ட் வேலை செய்யாததால் விளக்குகளையும் இரும்புக்கால்களையும் அவளும் கேமராக்காரனும் மாறிமாறித் தூக்கிக்கொண்டு ஏழு மாடி ஏறி வந்தார்கள், வந்ததும் வாசலில் தன் செருப்பைக் கழற்றி ஒழுங்காகத் திருப்பி வைத்தாள், பக்கத்தில் தாறுமாறாகக் கிடந்த என்னுடையதையும் சேர்த்துத் திருப்பி வைத்தாள். அதற்காகவே அவளைப் பிடித்துப்போனது, பிடித்துப்போனதே எரிச்சலாகவும் இருந்தது. அவள் இங்கிலீஷில் கேட்பாள், நான் தமிழில் அப்பாவிடம் கேட்பேன், அப்பா சொல்வார், நான் இங்கிலீஷில் அவளிடம் சொல்வேன். ஒரு மணி நேரம் போதும் என்றாள். சத்தம் விழும் என்று விசிறியை நிறுத்தச் சொன்னாள், வெளிச்சம் விழும் என்று திரையை இழுக்கச் சொன்னாள், மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுக்குள் இருட்டு செய்து அதில் விளக்குப் போட்டு என் அப்பாவை நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். எண்பத்தெட்டு வயது. நெற்றியில் வேர்வை. துடைக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம், அப்படியே நன்றாக இருக்கிறது என்றாள்.

இது நான்காவது தடவை. ஜப்பான்காரன் சண்டைக்காலத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரமாயிரமாகப் பிடித்துக்கொண்டு போய் சயாம் காட்டில் பர்மாவுக்கு ரயில் பாதை போட வைத்தானே, அதிலிருந்து திரும்பி வந்து இன்னும் உயிரோடு இருப்பவர் அங்கமுத்து என்று ஒரு பத்திரிகையில் அப்பாவின் படம் வந்தது, வந்ததிலிருந்து இப்படித்தான், ஒவ்வொரு நாட்டுக்காரனும் தன்னுடையதைத் தேடிக்கொண்டு எங்கள் படியேறி வருகிறான். முதலில் ஆஸ்திரேலியாக்காரர். பெரிய உடம்பு, உட்கார்ந்ததும் சோஃபா முனகியது. அவருடைய தாத்தா அங்கே கைதியாக இருந்தவராம், எங்கள் ஆட்கள் உங்களுக்கு ஏதாவது உதவி செய்தார்களா, சுற்றிச்சுற்றி அதே கேள்வி. அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒரு வெள்ளைக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து புகையிலை எறிந்தார் என்றார். மனிதர் அழுதுவிட்டார். அவர் எடுத்த படத்தில் அப்பா வந்தது சில நொடிதான், அதில் புகையிலை மட்டும்தான். அப்புறம் இங்கிலாந்திலிருந்து பேராசிரியர். சண்டைக்கு முன்னால் தோட்டத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது, நிர்வாகம் எப்படி நடத்தியது என்றார். அப்பா சொன்னார், "ஜப்பான்காரன் வரான்னதும் தொர காருல ஏறிட்டாரு. நாயையும் ஏத்திக்கிட்டாரு. நீங்கள்லாம் இங்கயே இருங்கடான்னாரு." நான் அப்படியே சொன்னேன், நாய் உட்பட. பேராசிரியரின் பேனா நாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ஒரு வருஷம் கழித்துப் புத்தகம் அனுப்பியிருந்தார், தடித்த அட்டை, நல்ல தாள், தேடித்தேடிப் பார்த்தேன், துரையும் இல்லை, நாயும் இல்லை. மூன்றாவதாகச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார், நம் ஆள், நம் பாஷை, மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டுக் காப்பி கலந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவருக்கு ரயில் பாதை வேண்டியதில்லை, இந்தியாவை மீட்கப் போன படை வேண்டும், நீங்கள் அதில் இருந்தீர்களா, அணிவகுப்பைப் பார்த்தீர்களா. "நாங்க செத்துக்கிட்டு இருந்தோம் தம்பி, எங்கேர்ந்து பாக்குறது," என்றார் அப்பா. சரி, கடைசியாக ஒரு ஜெய்ஹிந்த் மட்டும் சொல்லுங்கள் ஐயா என்றார் அவர். அப்பா கையைத் தூக்கிச் சொன்னார். கேட்டவர்கள் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார், அந்தக் காட்டில் கற்றுக்கொண்டு வந்த பழக்கம் அது என்று எனக்குத் தோன்றும்.

மொரிதா இப்போது எண்ணிக் காட்டச் சொல்கிறாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது சொல்வீர்களாமே, ஞாபகம் இருக்கிறதா. இச்சி, நி, சான், சி என்று அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆரம்பித்துவிட்டார், முதுகு நிமிர்கிறது, இருபது வரைக்கும் போகிறார், அவள் கைதட்டிச் சிரிக்கிறாள், அப்பாவும் சிரிக்கிறார். நான் அவர் மேல்பொத்தானையே பார்க்கிறேன். தோட்டத்தில் ஜப்பான் பாஷை கற்றுக்கொடுக்க வந்தார்களாம், பதிமூன்று பதினான்கு வயதில் படித்ததாம், இன்னும் கொஞ்சம் வரும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நல்ல சிப்பாய்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்கிறாள். தெரியும், எனக்குத் தெரியும், ஆஸ்திரேலியாக்காரருக்குப் புகையிலை, உனக்கு என்ன வேண்டும், உனக்கும் ஒன்று இருக்கிறது, வாங்கிக்கொள். "ஒருத்தன் இருந்தான். சின்னப் பையன்தான். எனக்குக் குளுர்சொரம் வந்தப்போ கொய்னா மாத்திரை குடுத்தான், யாருக்கும் தெரியாம." நான் சொல்கிறேன். அவள் கண் கலங்குகிறது. அவளுடைய கொள்ளுத்தாத்தாவும் சண்டைக்குப் போனவர், சீனாவுக்கு, திரும்பி வந்து சாகும்வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை, வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை, அதனால்தான் இந்தப் படம் எடுக்கிறேன் என்கிறாள். நான் அதை அப்பாவுக்குச் சொல்கிறேன். அப்பா தலையாட்டி, "பாவம்," என்கிறார். யாரைச் சொல்கிறார் என்று தெரியவில்லை, கொள்ளுத்தாத்தாவையா, அவளையா, மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டேன்.

இப்படிச் சின்னச்சின்னதாக நான் விட்டுவிடுவது நிறைய. முப்பத்தொரு வருஷம் தமிழ்ப்பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள், செயப்பாட்டு வினை என்றால் என்ன என்று ஐந்தாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன், ராமு கண்ணாடியை உடைத்தான், கண்ணாடி உடைக்கப்பட்டது, பாருங்கள் பிள்ளைகளே, இரண்டாவது வாக்கியத்தில் ராமுவைக் காணோம். பிள்ளைகள் சிரிக்கும். அப்பாவை ஒரு தடவை சயாமுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நினைவுக்கல் ஒவ்வொன்றாக நின்று வாசித்தேன், எல்லாக் கல்லிலும் ராமுவைக் காணோம். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பச்சைப் புல்வெளி, வரிசை வரிசையாகப் பெயர், வயது, அம்மா அப்பா சொல்லி அனுப்பிய வரி. ஜப்பான்காரர்கள் வைத்த தூணில் உயிர்நீத்த அனைவருக்கும் என்று ஒரே வணக்கம், எப்படி நீத்தார்கள் என்று தூணுக்குத் தெரியாது. அந்த ரயில் பாதைக்காகக் கட்டிய பாலத்துக்குப் பக்கத்தில் பாலத்தின் படம் போட்ட பனியனும் சாவிக்கொத்தும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்பா அந்தப் புல்வெளியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்துவிட்டு வந்து, "நம்மாளுங்க எங்க பாப்பா?" என்று கேட்டார். நான் வழிகாட்டியிடம் கேட்டேன். அந்த ஆள் கையை வீசி, காடு, ஆற்றங்கரை, பஸ் ஸ்டாண்டு எல்லாப் பக்கமும் காட்டினார். ஊருக்குத் திரும்பியதும் நம் தமிழர் சங்கத்தில் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், யாரோ மந்திரியின் செயலாளர் வந்தார், பாட்டுக் கச்சேரி, பிரியாணி, சங்கம் பாடுபட்டது பாடுபட்டது என்று மைக்கில் சொன்னார்கள். தோட்டத்தில் யார் யார் போக வேண்டும் என்று பெயர் எழுதிக் கொடுத்த ஆபீஸ் கிராணியும் தமிழர்தான், காட்டில் மூங்கில் தடியால் அடித்து வேலை வாங்கிய மண்டோரும் தமிழர்தான், அதை மைக்கில் யாரும் சொல்லவில்லை. நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். எல்லாரையும் குறை சொல்கிறேனே, என்னிடம் என்ன இருக்கிறது, என்னிடம் பதிமூன்று வருஷமாக ஒன்று இருக்கிறது.

அப்பாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆன அன்று. காய்ச்சல் ஏறி, மயக்கம் முழுக்கத் தெளியாமல், கூரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார், சின்னப் பையன் குரலில். கூப்பிடாதப்பா. கூப்பிடாதப்பா, வச்சுட்டேன்ப்பா. கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டு துண்டாக வந்ததை நான்தான் சேர்த்துக்கொண்டேன். முகாமில் வாந்திபேதி. விழுந்தவர்களையெல்லாம் ஒரு மூங்கில் கொட்டாயில் கொண்டுபோய்ப் போடச் சொன்னார்கள், நிறைந்ததும் கொளுத்தச் சொன்னார்கள். அப்பாவுக்குப் பதினைந்து வயது. தீப்பந்தத்தை யார் கையில் கொடுத்தார்கள் என்பதும், அவருடைய அப்பா, என் தாத்தா வீராசாமி, அந்தக் கொட்டாய்க்குள் இரண்டு நாளாகக் கிடந்தார் என்பதும், இன்னும் பேச்சு இருந்தது என்பதும், ஈரப்பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டே நான் கேட்டுக்கொண்டது. காலையில் தெளிந்ததும், "ஏதாச்சும் ஒளறினேனா?" என்றார். "இல்லப்பா, நல்லா தூங்குனீங்க," என்றேன். மொழிபெயர்ப்பு வேலை எனக்கு அங்கே ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் அப்பா, கொட்டாயைக் கொளுத்தினாங்க என்றுதான் சொல்லியிருக்கிறார், நான் அதையும் ஒரு படி இறக்கி, குடிசை கொளுத்தப்பட்டது என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் தலையைக் குனிவார்கள், அடுத்த கேள்விக்குப் போவார்கள். இன்றைக்குத்தான் பயமாக இருக்கிறது. இவள் அவசரப்படாமல் கேட்கிறாள். அப்பா பதில் சொல்லி முடித்த பிறகும் சும்மா இருக்கிறாள், அந்தச் சும்மாவில் அப்பா இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறார். இவரிடமிருந்து அது வந்துவிட்டால் என்ன ஆகும், அங்கே டோக்கியோவில் ஒருவன் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, பார்த்தாயா, தமிழனைத் தமிழனே கொளுத்தியிருக்கிறான், பெற்ற அப்பாவையே கொளுத்தியிருக்கிறான் என்று நிம்மதியாகப் பெருமூச்சு விடுவான். கொளுத்தச் சொன்னவன் படத்தில் இருக்க மாட்டான், கொய்னா கொடுத்தவன் இருப்பான். கூடாது. ஆனால் சொல்லாமலே போய்விட்டால் இந்த மனிதர் அதை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு சாவார். அதுவும் கூடாது. இரண்டும் கூடாது என்றால் நான் இந்த நாற்காலியில் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன், யாருக்குக் காவல்.

கேட்டுவிட்டாள். அந்தக் காட்டை நினைத்தால் முதலில் எது கண்ணுக்கு முன்னால் வருகிறது என்று கேளுங்கள் என்கிறாள். நான் கேட்கிறேன், குரலை வேகமாக, லேசாக வைத்துக்கொண்டு, மழை, சேறு, அட்டை என்று ஏதாவது சொல்லிவிடுங்கள் அப்பா, சொல்லிவிடுங்கள். அப்பா கேமராவைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறார். "பேதி கொட்டாய்," என்கிறார். "நெறைஞ்சு போச்சு. எங்கப்பா உள்ள. அங்கமுத்து, தண்ணின்னு கேட்டாரு. மண்டோர் பந்தத்தக் குடுத்தான், பின்னாடி ஜப்பான்காரன் துப்பாக்கியோட நின்னான். கொளுத்துனேன்." நம் பாஷையில் வினையின் வாலைப் பிடித்தால் ஆள் அகப்பட்டுவிடுவான். கொளுத்துனாங்க என்று இத்தனை வருஷம் சொன்னவர் கொளுத்துனேன் என்கிறார். கேமராவில் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருக்கிறது. மொரிதா என் பக்கம் திரும்புகிறாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, இன்னும் புரியவில்லை, அது என் வாய்க்குள் இருக்கிறது, விழுங்கினால் போய்விடும். நோயாளிகள் இருந்த குடிசையை, என்று இங்கிலீஷில் ஆரம்பிக்கிறேன், என் குரல் வகுப்பறைக் குரல் மாதிரி இருக்கிறது, சிப்பாய்கள் கொளுத்தினார்கள், அதில் அவருடைய தகப்பனாரும் இருந்தார். சொல்லி முடித்துவிட்டேன். சோல்ஜர்ஸ் என்ற சொல் அப்பாவுக்குத் தெரியும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அது கூடவா தெரியாது. அப்பா கையை உயர்த்துகிறார், பள்ளிக்கூடத்தில் குறுக்கே பேசிய பிள்ளையை அடக்குவது போல என் பக்கம் உள்ளங்கையைக் காட்டுகிறார். பிறகு அதே கையைத் தன் நெஞ்சில் வைத்து, முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்து, ஜப்பான் பாஷையில், "வாத்தாஷி," என்கிறார். நான். இரண்டு தடவை தட்டுகிறார். "வாத்தாஷி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கேமராக்காரன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். கீழே ஐஸ்கிரீம் மோட்டார் மணியடித்துக்கொண்டே இந்த பிளாக்கைச் சுற்றிக்கொண்டு போனது, அது போகும்வரைக்கும் அவள் குனிந்தே இருந்தாள், தோள் குலுங்கியது, உண்மையாகவே அழுதாள், அதில் நான் சந்தேகப்பட மாட்டேன். பிறகு காதில் மாட்டியிருந்ததைச் சரிசெய்துகொண்டு கேமராக்காரனிடம் ஏதோ கேட்டாள், அவன் ஏதோ சொன்னான். என்னிடம் திரும்பி, மிகவும் மன்னிக்கணும், என்றாள், மிகவும் தலைகுனிந்து சொன்னாள், அந்த மணிச்சத்தம் ஒலிப்பதிவில் விழுந்துவிட்டது, ஐயாவுக்குச் சிரமம் இல்லையென்றால் அதை மட்டும் இன்னொரு முறை சொல்ல முடியுமா, கையை நெஞ்சில் வைத்தாரே, அதுவும். நான் எழுந்து நின்றுவிட்டேன் என்று நினைத்தேன், பார்த்தால் உட்கார்ந்துதான் இருக்கிறேன். முடியாது, வெளியே போங்கள் என்று சொல்ல வேண்டும், இங்கிலீஷில் அதற்கு எத்தனை மரியாதையான வாக்கியங்கள் எனக்குத் தெரியும். அப்பா, "என்னவாம்?" என்றார். "திரும்பச் சொல்லச் சொல்றாங்கப்பா. சத்தம் விழுந்துருச்சாம். வேணாம்னு சொல்லிடுறேன்." அப்பா பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சொல்றேன்னு சொல்லு. இந்தவாட்டி நீ சரியா சொல்லு." சொன்னார். முதலிலிருந்து, கொட்டாய், நிறைஞ்சு போனது, தண்ணி, மண்டோர், துப்பாக்கி, கொளுத்துனேன். முதல் தடவையைவிட நிதானமாக, எந்த இடத்திலும் தடுக்காமல். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன், பின்னால் நின்ற துப்பாக்கியை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன், அவள் அதை வெட்டிவிடுவாளா வைத்திருப்பாளா, எப்படி எனக்குத் தெரியும். கேமராக்காரன் கட்டைவிரலைக் காட்டினான், காட்டிவிட்டு வெட்கப்பட்டு இறக்கிக்கொண்டான்.

விளக்கை அணைத்தார்கள், கம்பிகளைச் சுருட்டினார்கள், அப்பாவின் காலடியில் மண்டியிட்டு மொரிதா ஒரு டப்பா இனிப்பை வைத்துவிட்டு ஏதோ சொன்னாள், அப்பா அவள் தலையில் கை வைத்தார். ஏழு மாடி இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் திரையை விலக்கிவிட்டேன், விசிறியைப் போட்டேன், வெளியே இன்னும் வெயில் இருந்தது ஆச்சரியமாக இருந்தது. அப்பா பொத்தானைக் கழற்ற முடியாமல் விரலால் தடவிக்கொண்டிருந்தார், நான் போய்க் கழற்றினேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே, "ஒனக்கு முன்னாடியே தெரியும்ல?" என்றார்.

"ம்."

"எப்பலேர்ந்து?"

"ஆஸ்பத்திரியில இருந்தீங்களே, பித்தப்பைக்கு. அன்னிக்கு."

"ஒளறினேன்னு எனக்கும் தெரியும்," என்றார். "வாயில கசப்பு மாதிரி இருந்துச்சு. நீ இல்லேன்ன. சரி, இன்னிக்கு இல்லாட்டி நாளைக்குக் கேப்பேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

உங்கள் மனசு கஷ்டப்படும் என்று, வயசான காலத்தில் எதற்கு என்று, என் தொண்டை வரைக்கும் வாக்கியங்கள் வந்து நின்றன, எல்லாம் சுத்தமான, பிழையில்லாத வாக்கியங்கள், ஒன்றிலும் நான் இல்லை. பயந்துட்டேன்ப்பா என்று சொல்லியிருக்கலாம். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"இப்பக் கேக்குறேன்ப்பா. தாத்தா எப்படி இருப்பாரு? ஒரு போட்டோகூட இல்லியே."

அப்பா எதிர்ச்சுவரைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, யாரையோ கூட்டத்துக்குள் தேடுவது போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"போன வருஷம் வரைக்கும் மொகம் ஞாபகம் இருந்துச்சு பாப்பா," என்றார்.